ஃப்ரீசர் குலுக்கலும் ஒன்பதாம் விதியும்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தலைநகரிலிருந்து போன் வந்தபோது ஃபியோர்டலிசா பிமென்டெல் சந்தோஷமாகத்தான் எடுத்தாள். லா கொன்ஃபியான்சா கடையின் அன்னையர் தினப் பரிசுக் குலுக்கலுக்கு அரசு அனுமதி கிடைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த மலை ஊரில் அதுவரை எந்தக் கடைக்காரனும் அனுமதி வாங்கிக் குலுக்கல் நடத்தியதில்லை. ஒரு வாளியில் சீட்டுகளைப் போடுவார்கள், கிண்டுவார்கள், கடைக்காரனின் மைத்துனிக்குப் பரிசு விழும். ஊர் நாலு நாள் வாய் வலிக்கப் பேசிவிட்டு மறந்துவிடும். போன வருஷம் எதிர்த்தெருக் கடைக்காரன் அப்படித்தான் நடத்தினான். யாரோ புகார் எழுதிப் போட, கடைக்கு ஒரு மாதம் சீல் வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்து வெலவெலத்துப்போன கடை முதலாளி டோன் எலிஹியோ, "நம்ம கடையில எல்லாம் சட்டப்படி நடக்கணும். நீதான் பொறுப்பு" என்று சொல்லி, பதினோரு வருஷமாகக் கடையின் கடிதங்களைப் பார்த்துவரும் ஃபியோர்டலிசாவின் தலையில் கட்டினார்.

அவளும் குறை வைக்கவில்லை. பொருள் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கூப்பனிலும் அனுமதி எண்ணை அச்சடித்தாள். ஊரைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்த ஒலிபெருக்கி வண்டிக்காரனை, பாட்டுக்கு நடுவே அந்த எண் முழுவதையும் சொல்ல வைத்தாள். பரிசான பெரிய வெள்ளை ஃப்ரீசரை எல்லோரும் பார்க்கும்படி கடைவாசலில் நிறுத்தினாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, பூட்டின் மேல் முத்திரைத் தாளும் ஒட்டியாயிற்று. விதிமுறைகளை மட்டும் அவள் எழுதவில்லை. தலைநகரத்துப் பெரிய கடை ஒன்று தன் குலுக்கலுக்காக வெளியிட்டிருந்ததை இன்டர்நெட்டில் பிடித்து, கடைப் பெயரையும் பரிசையும் மாற்றி அனுப்பிவிட்டாள். மொத்தம் பதினான்கு விதிகள். படித்துப் பார்த்தாளா என்றால், பார்த்தாள், சோப்பு உறையின் பின்பக்கத்தை நாம் படிக்கிற மாதிரி.

"ஞாயித்துக்கிழம குலுக்கலுக்கு நானே நேர்ல வர்றேன்" என்றாள் போனில் நூரிஸ் பெகேரோ. குலுக்கல்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தின் இன்ஸ்பெக்டர் அவள். "ஒன்பதாம் விதிப்படி உறவுக்காரங்க பட்டியல் தயாரா இருக்கா?"

"எந்தப் பட்டியல், லிசென்சியாடா?" பட்டம் படித்த அதிகாரியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு நூரிஸ் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். கடை உரிமையாளருக்கும் ஊழியர்களுக்கும் நான்காம் படிவரை ரத்த உறவு உள்ளவர்கள் பரிசு பெறத் தகுதியற்றவர்கள். அந்த உறவு அரசுப் பதிவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். உறவினர் பட்டியலை ஊழியர் ஒவ்வொருவரும் சத்தியம் செய்து கையெழுத்திட்டு, குலுக்கலுக்கு முந்தின நாள் கடைவாசலில் ஒட்ட வேண்டும்.

"நாலாம் படின்னா எதுவரைக்கும்?" என்று கேட்டாள் ஃபியோர்டலிசா.

"அம்மா அப்பா ஒண்ணு. கூடப் பொறந்தவங்க ரெண்டு. சித்தப்பா, மாமா, அத்தை எல்லாம் மூணு. அவங்க பிள்ளைங்க நாலு."

"லிசென்சியாடா, இது சின்ன ஊரு. இங்க மொத்தமே மூணு குடும்பப் பேருதான். பிமென்டெல், காசாடோ, சுபேரோ. இப்படிப் பாத்தா பரிசு வாங்க ஆளே மிஞ்சாது."

"நீங்கதானேம்மா எழுதி அனுப்புனீங்க? நானா எழுதுனேன்?"

"மாத்திக்கலாமா?"

"அனுமதி குடுத்த பொறகு ஒரு புள்ளி கூட மாத்த முடியாது. மாத்துனா அனுமதி ரத்து. அனுமதி இல்லாம குலுக்குனா என்ன ஆகும்னு உங்க எதிர்த்தெருவுல கேளுங்க, சொல்வாங்க."

போனை வைத்துவிட்டு அவள் நேராக முதலாளியிடம் போனாள்.

டோன் எலிஹியோ விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு சோபாவில் உட்கார்ந்தார். விற்பனைக்கு வைத்த சோபா, பிளாஸ்டிக் உறையோடு கிறீச்சிட்டது. "எங்கப்பாவுக்குப் பதினாலு பிள்ளைங்க, பொண்ணே. அதுல ஒண்ணுகூட மலடு இல்ல. எங்க ஆளுங்கள மட்டும் எழுதவே ஒரு நோட்டு வேணும்."

"எழுதிடலாம் டோன் எலிஹியோ."

"எழுது. ஆனா ஒண்ணு கேட்டுக்க. நாளைக்கு இந்தக் கடைக்கு சீல் விழுந்துச்சுன்னா, சீலுக்கு வெளிய முதல்ல நிக்கப்போறது நீதான்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர், அவ்வளவுதான். பயந்த மனிதர்கள் சொன்னால் சொன்னபடி செய்துவிடுவார்கள் என்பது ஃபியோர்டலிசாவுக்குத் தெரியும். அந்த ஊரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை இன்னொன்று கிடையாது. முப்பத்தாறு வயதுக்கு மேல் முட்டைக்கோஸ் தோட்டத்தில் குனிய அவளால் ஆகாது. வீட்டில் சர்க்கரை வியாதிக்கார அம்மா வேறு.

ஆறு ஊழியர்களும் ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஃபியோர்டலிசா தன் தாளில் முதலில் அம்மா டோனியா தெலிசாவை எழுதினாள். நியூயார்க்கில் இருக்கும் இரண்டு அண்ணன்களை எழுதினாள். ஃப்ரீசரைத் தூக்கிப்போக அவர்கள் விமானம் ஏறி வரப்போவதில்லை, இருந்தாலும் எழுதினாள். பெரியப்பா, மாமாக்கள், அத்தைகள், அவர்கள் பெற்ற இருபத்துமூன்று பேர். பிறகு பேனா நின்றது.

எழுதாத பெயர் ஒன்று மிச்சம் இருந்தது. யுடெல்கா.

ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் மாவில் கறி மடித்து எம்பனாடா பொரித்து விற்கும் யுடெல்கா சுபேரோ. சுபேரோ அவள் அம்மாவின் குடும்பப் பெயர். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டில் யார் பெயர் வர வேண்டும் என்று ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றிப் போய்வந்த மறைந்த அப்பா ரொசெந்தோ பிமென்டெல்லின் அகலமான தாடையும் முன்பல் இடுக்கும் ஃபியோர்டலிசாவுக்கு எப்படி வந்தனவோ அப்படியே அவளுக்கும் வந்திருந்தன. தெரியும், ஆனால் யாரும் சொல்லமாட்டார்கள். டோனியா தெலிசாவுக்காக ஊரே சேர்ந்து கட்டிக் காப்பாற்றிய மௌனம் அது. ஃபியோர்டலிசா தினமும் அவளிடம் இரண்டு எம்பனாடா வாங்குவாள். "நல்லா இருக்கீங்களா?" என்பாள் ஒருத்தி. "இருக்கேங்க, நீங்க?" என்பாள் மற்றவள். ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பெண்கள் முப்பது வருஷமாக நீங்க நாங்க என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஊழியர்கள் எல்லோரும் எழுதி முடித்துத் தாள்களை மேசையில் வைத்தார்கள். ஃபியோர்டலிசா தன் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டாள். யுடெல்காவின் பெயரை எழுதவில்லை. 

சனிக்கிழமை காலை கடைவாசலில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் தொங்கின. குலுக்கலிலிருந்து பேர் நீக்கப்பட்டவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அவள் பயந்தாள். வந்தார்கள். ஆனால் அவர்களைவிட அதிகமாகச் சண்டைக்கு வந்தவர்கள் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்.

"எங்க என் பேரு?" என்று இடுப்பில் கைவைத்து நின்றாள் மினர்வா காசாடோ. "எலிஹியோவுக்கு நான் சொந்த அத்த மக. போன தடவ அவன் காலொடிஞ்சு கெடந்தப்போ கோழிச் சாறு வச்சுக் குடுத்தது யாரு?"

"பேரு இருந்தா பரிசு விழாதுங்க."

"பரிசு கெடக்கு விடு! ஊரே நின்னு படிக்குது, என்னைய மட்டும் உறவில்லன்னு ஒதுக்கிட்டான்னு பேச மாட்டாங்க? எழுது என் பேர!"

எழுதினாள். மத்தியானத்துக்குள் நானூற்று முப்பத்தொன்று ஆயிற்று. மனிதர்கள் ஃப்ரீசரை விட்டுக்கொடுத்து உறவை வாங்கிக்கொண்டு போவதை ஃபியோர்டலிசா பார்த்துக்கொண்டு நின்றாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

மத்தியானம் யுடெல்கா வந்தாள். கையில் எண்ணெய் வாசனை, தலையில் துணி. அவளுக்கு இந்த ஃப்ரீசர் எவ்வளவு தேவை என்பதும் ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். ஐஸ்கட்டி வாங்க அவள் தினமும் கீழூருக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருவாள். வந்து சேரும்போது பாதி ஐஸ் அவள் முதுகில் தண்ணீராக இறங்கியிருக்கும். ஃப்ரீசர் இருந்தால் ஜூஸ், ஐஸ், மீன் எல்லாம் விற்கலாம். அதனால் அவளிடம் சாப்பிடுகிறவர்கள் ஆளாளுக்குத் தங்கள் கூப்பனை அவளிடம் கொடுத்திருந்தார்கள். தொண்ணூறு கூப்பன்களில் தன் பெயரை எழுதிப் பெட்டியில் போட்டிருந்தாள். போட்டபோது பக்கத்தில் நின்று எண்ணியவள் ஃபியோர்டலிசாதான்.

யுடெல்கா ஃபியோர்டலிசாவின் தாளுக்கு முன்னால் நின்றாள். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். இருபத்துமூன்று ஒன்றுவிட்ட உறவுகளையும் தாண்டிக் கையெழுத்துவரை போய், விரலை எடுத்தாள்.

"நல்லது" என்றாள். "அப்ப எனக்கு விழலாம்."

"விழலாங்க" என்றாள் ஃபியோர்டலிசா. அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது பட்டியலின் நகலை அம்மாவிடம் நீட்டினாள். டோனியா தெலிசா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"எல்லாரும் இருக்காங்களா பாருங்கம்மா. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"இருக்காங்க."

"எல்லாருமா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "பீன்ஸ் ஆறுது. சாப்பிடு."

தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். தொண்ணூறு கூப்பன்கள் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஏழாயிரத்தில் தொண்ணூறு. அது ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை என்று தனக்குத்தானே தேறுதல் சொன்னாள். விழாது. விழவே கூடாது மாதாவே, வேறு யாருக்காவது விழட்டும், முகம் தெரியாத யாருக்காவது. அந்த ஊரில் முகம் தெரியாதவன் எங்கே இருக்கிறான்? 

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் அப்படியே பூங்காவுக்கு வந்தது. தாயார் உயிரோடு இருப்பவர்கள் சிவப்புப் பூவும் இல்லாதவர்கள் வெள்ளைப் பூவும் குத்தியிருந்தார்கள். அம்மாக்களுக்கென்று முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். டோனியா தெலிசா நடுவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மேடையில் ஃப்ரீசர், சிவப்பு நாடா கட்டி. நூரிஸ் பெகேரோ குள்ளமாக, சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மலையேறி வந்த பஸ்ஸின் குலுக்கலில் முகம் வெளிறி நின்றாள். பக்கத்தில் சாட்சிப் பத்திரம் எழுத உள்ளூர் நோட்டரி டாக்டர் அபெலார்டோ; வக்கீல் படிப்புக்கும் அங்கே டாக்டர் பட்டம்தான். எதிர்த்தெருக் கடைக்காரன் முதல் வரிசைக்குப் பின்னால் நின்று செல்போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் எதற்காகப் பிடிக்கிறான் என்று டோன் எலிஹியோவுக்கும் தெரியும். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துத் தோலே சிவந்துவிட்டது.

பெட்டியைத் திறந்து சீட்டுகளை உருளையில் கொட்டினார்கள். பாதிரியார் கண்ணை மூடிக் கையை விட்டார்.

"அனிபால் காசாடோ!"

டோன் எலிஹியோவின் சித்தப்பா மகன். பட்டியலில் நாற்பத்தேழாவது பெயர். செல்லாத சீட்டின் காரணத்தை ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும், பத்திரத்தில் எழுத வேண்டும் என்பது பத்தாம் விதி. டாக்டர் அபெலார்டோ படித்தார். "செல்லாது. கடை உரிமையாளருக்கு நான்காம் படி உறவு."

"பொறந்ததுல இருந்தே எனக்கு இவனால நஷ்டந்தான்!" என்று கத்தினான் அனிபால். கூட்டம் சிரித்தது. இரண்டாம் சீட்டு விற்பனைக்காரி ஒருத்தியின் மாமா. கூட்டம் கொஞ்சம் சிரித்தது. மூன்றாவது டோன் எலிஹியோவின் தங்கை. யாரும் சிரிக்கவில்லை. நான்காவது மினர்வா காசாடோ.

"நேத்து கோழிச் சாறு கதை பேசிப் பேரச் சேத்துக்கிட்டு இன்னிக்கு ஃப்ரீசரக் கொட்டிட்டியே மினர்வா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கூவினான். மினர்வா நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"ஏமாத்து வேல! ஃப்ரீசர் கடையிலயேதான் நிக்கப்போகுது!" விசில் பறந்தது. எதிர்த்தெருக்காரன் செல்போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். டோன் எலிஹியோ ஃபியோர்டலிசாவைப் பார்த்த பார்வையில் திங்கட்கிழமை அவள் வேலை போகப்போவது தெரிந்தது.

பாதிரியார் ஐந்தாம் முறை கையை விட்டார். எடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு, படிக்காமல் நூரிஸிடம் நீட்டினார். நூரிஸ் அதை வாங்கித் தானே படித்தாள்.

"யுடெல்கா சுபேரோ."

கூட்டம் கூரை பறக்கிற மாதிரி கத்தியது. பூங்காவுக்குக் கூரை இல்லாதது நல்லதாயிற்று. சீட்டுக் கொடுத்தவர்கள் எல்லோரும் தங்களுக்கே விழுந்த மாதிரி ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். யுடெல்காவைத் தள்ளித் தள்ளியே மேடையில் ஏற்றிவிட்டார்கள். வெள்ளைப் பூக் குத்தியிருந்தாள். ஃப்ரீசரைத் தொட்டுப் பார்த்தாள், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள், மூடினாள். ஃபியோர்டலிசா மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். 

நூரிஸ் பட்டியலை இரண்டு முறை புரட்டினாள். "பேரு இல்ல. சரி. கடைசியா ஒரு கையெழுத்து. ஊழியருங்க ஒவ்வொருத்தரும் வந்து, 'இவங்க எனக்கு ரத்த உறவு இல்ல, பதிவுலயும் இல்ல, பதிவுக்கு வெளியிலயும் இல்ல'ன்னு சத்தியமாச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்க."

முதலில் ஓட்டுநர் போட்டான். விற்பனைக்காரிகள் மூன்று பேரும் போட்டார்கள். கிடங்குக்காரர் போட்டார். பேனா ஃபியோர்டலிசாவிடம் வந்தது. டாக்டர் அபெலார்டோ தலையை உயர்த்தி, வானத்தில் ஏதோ முக்கியமான பறவை போவதுபோல அண்ணாந்து பார்த்தார். முன்வரிசையில் அம்மாவின் விசிறி நின்றிருந்தது.

ஒரு கையெழுத்து. போட்டுவிட்டால் யுடெல்காவுக்கு ஃப்ரீசர், கூட்டத்துக்குச் சந்தோஷம், அம்மாவுக்கு மானம். ஊரில் ஒருவரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் எதிர்த்தெருக்காரனின் செல்போன் அவள் கையை நோக்கி நீண்டிருந்தது. அவனுக்கும்தான் தெரியும். நாளைக்கே ஒரு புகார் எழுதிப் போட்டானென்றால் சத்தியம் பொய்யாகும், அனுமதி போகும், கடை போகும், வேலை போகும். அந்தப் பயத்தில்தான் வாய் திறந்தாளா, இல்லை நேற்று அந்த விரல் தன் பட்டியலில் இறங்கி நின்றதை நினைத்தா என்று பின்னால் எத்தனையோ தடவை அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். நேர்மையான பதில் அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

"என்னால போட முடியாது, லிசென்சியாடா" என்றாள். "இவ என் தங்கச்சி."

மேடை மைக் திறந்தே இருந்தது. அது பூங்கா முழுக்கக் கேட்டது.

யுடெல்கா திரும்பினாள். ஃபியோர்டலிசா நினைத்தாள், இவள் அழுவாள், அல்லது கட்டிக்கொள்வாள் என்று. மனசுக்குள் எங்கேயோ அப்படி எதிர்பார்த்துவிட்டாள், பாவம்.

"என்ன சொன்ன?" என்றாள் யுடெல்கா. நீங்க நாங்க எல்லாம் போய்விட்டது. "திருப்பிச் சொல்லுடீ. முப்பது வருஷமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம், அப்பச் சொன்னியா? அந்த ஆளு செத்த ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்து மழையில கேட்டுக்கு வெளிய நின்னேன். ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்த? அப்பச் சொன்னியா? நேத்து உன் தாள விரல வச்சுப் படிச்சேனே, அப்ப உன் வாய் எங்க போச்சு?"

"யுடெல்கா..."

"என் வாழ்க்கையில முதல் தடவயா எனக்குன்னு ஒண்ணு விழுது. அதப் புடுங்குறதுக்குத்தான் நான் உனக்குத் தங்கச்சி ஆகணுமா?"

 யுடெல்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது ஃபியோர்டலிசாவுக்கே தெரிந்தது.  மேடையே திறந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

நூரிஸ் மட்டும்தான் அங்கே அவசரப்படாமல் நின்றாள். பேனாவை ஃபியோர்டலிசாவின் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "பட்டியல்ல விட்டத இப்பச் சொல்லி, ஊழியர் தன் கடமையச் செஞ்சுட்டாங்க. கடைக்கு இதுல குத்தம் இல்ல" என்றாள். டோன் எலிஹியோ கண்ணை மூடி மூச்சு விட்டார். நூரிஸ் யுடெல்காவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். "இதுல அப்பா பேரு இல்ல. அதனால நீங்க மறுக்கலாம். அவங்க சொல்றது ஒரு பேச்சு, நீங்க சொல்றது ஒரு பேச்சு. அப்ப நான் கையில இருக்குற காகிதத்தத்தான் நம்பணும். இந்தத் தாள்ல 'உறவு இல்ல'ங்கிற கட்டத்துல கையெழுத்துப் போடுங்க. ஃப்ரீசர எடுத்துட்டுப் போங்க."

கூட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தது. "போடு யுடெல்கா! போட்டுட்டு எடுத்துட்டு வா! அந்த அப்பனால உனக்கு என்ன கெடச்சுது?" மினர்வா அழுகையை நிறுத்திவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்றாள். "போடுடீ!"

யுடெல்கா பேனாவை வாங்கினாள். ஃப்ரீசரைப் பார்த்தாள். வெயிலில் அது பளபளவென்று நின்றது. பிறகு முன்வரிசையில் டோனியா தெலிசாவைப் பார்த்தாள். டோனியா தெலிசா மடியில் இருந்த விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உறவு உண்டுன்னு போட்டா?" என்று கேட்டாள் யுடெல்கா.

"இந்தச் சீட்டு செல்லாது. அடுத்த சீட்டு எடுப்போம்."

"அது தெரியும். அந்தக் காகிதம் என்ன ஆகும்?"

நூரிஸுக்குக் கேள்வி புரியச் சற்று நேரம் பிடித்தது. "தலைநகர்ல, எங்க கோப்புல இருக்கும். அனுமதி எண்ணோட."

"எத்தன நாளைக்கு?"

"நான் வேலையவிட்டுப் போன பொறகும் இருக்கும்மா. யாரும் கிழிக்க முடியாது."

"அதுல அப்பா பேரு எழுதுவீங்களா?"

"எழுதியே ஆகணும். எழுதலைன்னா காரணம் செல்லாது."

யுடெல்கா தலையாட்டினாள். மேசைக்கு முன்னால் குனிந்தாள். எண்ணெய்க் கறை காகிதத்தில் பட்டுவிடாமல் முதலில் கையைப் பாவாடையில் அழுத்தித் துடைத்தாள். பிறகு "உறவு உண்டு" என்று இருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் தன் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, யாரோ காலில் கல்லைப் போட்டுக்கொண்ட மாதிரி. "பைத்தியக்காரி" என்றான் ஒருவன், ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை.

டாக்டர் அபெலார்டோ வானத்திலிருந்து இறங்கி வந்தார். எழுதினார். முத்திரை குத்தினார். கூட்டத்தைப் பார்க்காமல் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு படித்தார்.

"ஐந்தாம் சீட்டு. செல்லாது. காரணம்: யுடெல்கா, ஊழியர் ஃபியோர்டலிசா பிமென்டெல்லின் தங்கை. இரண்டாம் படி ரத்த உறவு. இருவரும் காலமான ரொசெந்தோ பிமென்டெல்லின் மகள்கள்."

ஒலிபெருக்கி வண்டி அதை வாங்கிப் பூங்காவுக்கு வெளியே, கோயிலைத் தாண்டி, ஆற்றுப்பாலம்வரை கொண்டுபோயிற்று. டோனியா தெலிசா எழுந்தாள். கொஞ்ச நேரம் எங்கே போவது என்று தெரியாதவளாக நின்றாள். ஃபியோர்டலிசா மேடையிலிருந்து இறங்க ஒரு காலை எடுத்தவள் இறங்காமல் நின்றுவிட்டாள். அம்மா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரி, அடுத்த சீட்டு, ஃபாதர்" என்றாள் நூரிஸ்.

பாதிரியார் சட்டைக் கையை மடித்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் யுடெல்கா. அவள் இன்னும் மேடையைவிட்டு இறங்கவில்லை. ஃபியோர்டலிசாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டாத தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே தாடை இறுகியிருந்தது. "இன்னொரு தடவ படிங்க, டாக்டர். மைக் சரியாக் கேக்கல."

மைக் நன்றாகத்தான் கேட்டது. டாக்டர் அபெலார்டோ தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.